குமராட்சியின் வெளிநாட்டு வீரர்

இளவரசு வெளிநாட்டுக்காரன் ஆனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில். அதற்கு முன் முப்பத்திரண்டு வருடம் அவன் குமராட்சிக்காரன்.

மாடியில் கெடிலம்-கொள்ளிடம் வட்டாரக் கால்பந்து சம்மேளனத்தின் அலுவலகம் இருந்தது. ஒரு மேசை, ஒரு பீரோ, பதினேழு நாற்காலிகள். பதினான்கு நிர்வாகிகளுக்கு. மூன்று சிறப்பு விருந்தினர்களுக்கு. ஆட வருகிறவர்கள் நிற்பார்கள். பந்து எதுவும் கண்ணில் படவில்லை.

இளவரசு நின்றான். கையில் ஒரு தாள்.

பதினொரு வருடம் வெளியே ஆடியவன். முதல் இரண்டு வருடம் மாலத்தீவில். பிறகு ஒன்பது வருடம் கோசோவில். கோசோ ஒரு தீவு. மால்டாவைச் சேர்ந்தது. மால்டா இத்தாலிக்குக் கீழே இருக்கிறது. அந்தத் தீவில் கால்பந்துக்கு இரண்டு பிரிவுகள். இளவரசு ஆடியது இரண்டாவதில், இடது ஓரத்தைக் காக்கும் லெஃப்ட் பேக்காக. வாரநாளில் ஓட்டல் லாண்டரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ஒரு வருடம் அவன் அணி முதல் பிரிவுக்குப் போனது. அடுத்த வருடம் திரும்பி வந்தது.

செயலாளர் சூர்யநாராயணன் அரசு வேலையில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னாப்பா இது?"

"டிரான்ஸ்பர் சர்டிபிகேட் சார். வெளிநாட்டு லீக்ல ஆடுனவன் இங்க ஆடணும்னா அங்கேர்ந்து இது வரணும்."

"டி.சி."

"அது மாதிரிதான் சார்."

"மாதிரி என்னா மாதிரி. டி.சி. எந்த ஸ்கூல்லேர்ந்து வருதோ, பையன் அந்த ஸ்கூல் பையன். முப்பத்தாறு வருஷம் ஃபைல் பாத்தவன் நான். இது மால்டாலேர்ந்து வந்திருக்கு."

"நான் குமராட்சிங்க சார்."

"யாரு இல்லன்னா."

பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். பக்கத்துக்கு இரண்டு பத்தி. உள்ளூர், வெளிநாடு. சம்மேளனம் தொடங்கி நாற்பத்தோரு வருடம் ஆகிறது. இரண்டாவது பத்தி நாற்பத்தோரு வருடமும் காலியாகவே இருந்தது. சூர்யநாராயணன் பேனாவைத் திறந்தார். இளவரசு, மால்டா என்று எழுதினார். மை காய ஊதினார். மற்ற நிர்வாகிகள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"உக்காருங்க சார்," என்றார் செயலாளர்.

அதுவரை அவர் ஒருமையில்தான் பேசிக்கொண்டிருந்தார்.

இளவரசு ஊருக்குத் திரும்பியதற்குக் காரணம் அவன் மகள். நான்கு வயது. அவள் பிறந்ததிலிருந்து அவனை இரண்டு லீவில் பார்த்திருக்கிறாள், மற்றபடி செல்போனில். ஜனவரியில் அவன் வந்து இறங்கியபோது அவள் கிட்டே வந்து, அவன் கன்னத்தில் விரலை வைத்து, இடமிருந்து வலமாகத் தள்ளிப் பார்த்தாள். முகம் மாறவில்லை. அதன் பிறகுதான் மடியில் உட்கார்ந்தாள். அன்றே அவன் மனைவி சத்யப்பிரியாவிடம் சொன்னான், இனி போவதில்லை என்று.

போகாமல் இருக்க வேலை வேண்டும். அவனுக்குத் தெரிந்தது இரண்டு. கால்பந்து, சலவை. சத்யப்பிரியா வேலை பார்த்த மருந்துக்கடைக்கு மாத்திரை வாங்க வரும் கனகாம்பாள் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் தாளாளர். பள்ளியில் கால்பந்துப் பயிற்சியாளர் இடம் காலியாக இருந்தது.

"தீவுல ஆடுனது கடல்ல ஆடுனது எல்லாம் எனக்குத் தெரியாது தம்பி," என்றார் கனகாம்பாள். "நம்ம சம்மேளனத்து லீக்ல இந்த வருஷம் அஞ்சு மேட்ச் ஆடுனாருன்னு அவுங்க லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கிட்டு வாங்க. ஜூன் ஒண்ணாந் தேதி வந்து விசில வாங்கிக்குங்க."

லீக்கில் ஆறு அணிகள். ஒவ்வொரு அணிக்கும் பத்து ஆட்டம். பத்தில் ஐந்து. இளவரசு கணக்குப் போட்டான், சுலபமாகத்தான் தெரிந்தது. கோசோ கிளப்பில் அவனுடைய அறையை மே மாதம் முடியும்வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு வேறொருவன் வருவான்.

முதல் ஆட்டம் மஞ்சக்குப்பத்தில். நான்கு மணிக்கு. இளவரசு சேர்ந்திருந்த தில்லை யூத்ஸ் அணியின் லெஃப்ட் பேக் பாலகுமார், சத்யப்பிரியாவின் தம்பி. இருபத்தைந்து வயது. நன்றாக ஓடுவான். எங்கே ஓடுவதென்றுதான் தெரியாது. அவனே மனமுவந்து சப்ஸ்டிட்யூட் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"நீ ஆடு மாமா. நான் தண்ணி பாட்டில் பாத்துக்கறேன்."

இளவரசு பூட்ஸ் கட்டிக்கொண்டு ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். செயலாளர் வேகமாக வந்தார்.

"நீங்க இங்க என்ன சார் பண்றீங்க?"

"வார்ம் அப் சார்."

"விதி பன்னெண்டு."

சம்மேளனத்தின் விதி பன்னிரண்டு இப்படிச் சொல்கிறது: வெளிநாட்டு வீரர் வருகை தரும் பட்சத்தில், அவருக்கு மேடையில் தலைவரின் வலப்புறம் இருக்கை அளித்து, ஆட்டம் முடியும்வரை தக்க மரியாதையுடன் அமர்த்தி வைத்தல் வேண்டும். சம்மேளனம் தொடங்கிய வருடம் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. அவருக்காக எழுதினார்கள். அவர் வரவில்லை. விதி இருந்தது.

இளவரசு பூட்ஸோடு மேடையில் உட்கார்ந்தான். பதினொரு சால்வைகள் போட்டார்கள். ஒவ்வொரு சால்வைக்கும் போட்டோகிராபர் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு தலைவர் பேசினார். தலைவர் சுப்பராயலு காட்டுமன்னார்கோயிலில் அரிசி ஆலை வைத்திருப்பவர்.

"எனக்கு கால்பந்தப் பத்தி ஒண்ணும் தெரியாது," என்று தொடங்கினார். "தெரிஞ்சவங்க தலைவரா இருந்தா ஒரு டீம் பக்கம் சாஞ்சிடுவாங்க. எனக்கு எது எந்த டீமுன்னே தெரியாது. அதனாலதான் பதினாறு வருஷமா ஒருதலைப்பட்சம் இல்லாம இருக்கேன். வீரருங்க வருவாங்க, கால் போனா போயிடுவாங்க. நிர்வாகத்துக்கு அந்தக் கவலை இல்ல. நாங்க உக்காந்துதான் இருக்கோம்."

கை தட்டினார்கள். மேடையிலிருந்த மற்ற பதிமூன்று பேரும் பேசினார்கள். ஆட்டம் ஆறு மணிக்குத் தொடங்கியது. முப்பத்தோராவது நிமிடத்தில் வெளிச்சம் போய்விட்டது. கோல் இல்லை. சமம் என்று அறிவித்தார்கள்.

வீட்டில் சத்யப்பிரியா பையைப் பிரித்தாள்.

"எத்தினி நிமிஷம் ஆடுன?"

"ஆடல. சால்வ போட்டாங்க."

அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "பதினொண்ணு இருக்கு. ஒரு டீமுக்குப் போதும்," என்றாள்.

மறுநாள் இளவரசு ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, குமராட்சியில் வாங்கிய பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினான். சூர்யநாராயணன் மூன்றையும் முழுக்கப் படித்தார்.

"இதெல்லாம் அரசாங்கத்துக்கு சார். அரசாங்கத்துக்கு நீங்க குமராட்சிதான். அதுல நாங்க தலையிட மாட்டோம். சம்மேளனத்துக்கு டி.சி.தான்."

"தப்பா எழுதிட்டோம்னு அடிச்சிட்டு மாத்தி எழுதிடலாமே சார்."

"பதிவேட்டுல அடிக்கணும்னா பொதுக்குழு கூடணும். பொதுக்குழுவுக்கு நாப்பது பேர் வரணும். கடைசியா நாப்பது பேர் வந்தது தலைவர் வீட்டுக் கல்யாணத்துல. அங்க தீர்மானம் போட முடியல, பந்தி நடந்துக்கினு இருந்துச்சு."

"வேற வழி இல்லையா சார்?"

"இருக்கே. வெளிநாட்டு வீரர் உள்ளூர் வீரரா மாறலாம். விதி பதினெட்டு. மூணு சீசன் இங்க ஆடியிருக்கணும்."

"வெளிநாட்டு வீரர ஆட விடமாட்டேங்கறீங்களே."

"ஆமா," என்றார் செயலாளர். அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "ரெண்டு விதியும் ஒண்ணுக்கொண்ணு இடிக்காம அவ்ளோ நுணுக்கமா எழுதியிருக்காங்க."

மேசையில் புது லெட்டர்ஹெட் கட்டு இருந்தது. சம்மேளனத்தின் பெயருக்கு மேலே, சர்வதேச வீரர் பங்கேற்கும், என்று ஒரு வரி கூடியிருந்தது. ஆயிரம் தாள் அடித்துவிட்டார்களாம்.

இளவரசு எழுந்தான். செயலாளர் மாடிப்படி வரை வந்து வழியனுப்பினார்.

"ஒண்ணு சொல்லணும் சார். தமிழ் நல்லா பேசுறீங்க."

இரண்டாவது ஆட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டார். வெளிநாட்டு விருந்தினருக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் மைக் கொடுக்கக் கூடாதென்று ஒரு நிர்வாகி எடுத்துச் சொல்லியிருந்தார். அருள்மொழி சிதம்பரத்தில் எல்லா விழாக்களுக்கும் தொகுப்புரை வழங்குகிறவர். இளவரசை மேடைக்குப் பின்னால் தனியாக அழைத்துப் பேசினார்.

"எனக்கு மால்டா மொழி தெரியாது. உண்மையச் சொல்லிடறேன். நீங்க தமிழ்லயே பேசுங்க. நான் மொழிபெயர்த்துடறேன்."

"எதுக்கு சார்?"

"அழைப்பிதழ்ல எம் பேரப் போட்டுட்டாங்க."

அன்று ஆட்டம் சிதம்பரத்தில். குமராட்சியிலிருந்து நாற்பது பேர் மினிபஸ்ஸில் வந்திருந்தார்கள். இளவரசு மைக்கைப் பிடித்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் குமராட்சிதான். எனக்கு ஆடணும். கீழ எறக்கி விட்டீங்கன்னா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

அருள்மொழி மைக்கை வாங்கினார். "தில்லைப் பெருமக்களே. கடல் பல கடந்து வந்த தமக்கு, இம்மேடையில் அமர்ந்து உம் மைந்தர் ஆடக் காண்பதே பெறற்கரிய பேறு என்கிறார். இதைவிட வேறு வரம் வேண்டேன் என்கிறார்."

பலத்த கைதட்டல். குமராட்சிக்காரர்கள் நாற்பது பேரும் தட்டினார்கள். இறங்கி வந்தபோது, இளவரசின் வீட்டுக்கு நான்காவது வீட்டுக்காரர் கண்ணாயிரம் அவன் தோளில் கை வைத்தார்.

"என்னாடா, தமிழ் சுத்தமா மறந்துட்டியா?"

மூன்றாவது ஆட்டத்தில் அவனுக்குத் தனியாகக் குடை பிடித்தார்கள். நான்காவதில் வீரர்களுக்கு சாம்பார் சாதம் வந்தது. அவனுக்கு ரொட்டியும் ஜாமும் வந்தது. சாம்பார் சாதம் கேட்டான். அருள்மொழி மொழிபெயர்த்தார். இன்னும் இரண்டு ரொட்டி வந்தது.

ஐந்தாவது ஆட்டம் வடலூரில். அன்று அவனைத் தரையில் இறக்கினார்கள். வெளிநாட்டு வீரர் பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பார் என்று அறிவிப்பு. இரண்டு நிர்வாகிகள் அவனைக் கைத்தாங்கலாக மைய வட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். படி இறங்கும்போது, பாத்து சார், பாத்து, என்றார்கள்.

பந்து காலில் பட்டது. ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. இளவரசு நிற்கவில்லை. பந்தோடு ஓடினான். எதிர் அணி வீரர்கள் விலகி வழிவிட்டு, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஸ்டாப்பர் பேக் தலை குனிந்து வணங்கினான். கோல்கீப்பர் இரண்டு கையையும் கூப்பினான். பந்து வலையில் விழுந்தது.

ரெஃப்ரி விசில் ஊதினார்.

"கோல்தான சார்?" என்று இளவரசு கேட்டான்.

ரெஃப்ரி சட்டைப் பையிலிருந்து அழைப்பிதழை எடுத்துக் காட்டினார். "நீங்க உதைச்சது ஆறாவது நிகழ்ச்சி. ஆட்டம் பதினாலாவது. நடுவுல ஏழு பேர் பேசணும்."

படம் மறுநாள் பேப்பரில் வந்தது. ஐந்து ஆட்டம் முடிந்திருந்தது. இளவரசின் கணக்கில் பூஜ்யம். இனி மிச்சமிருந்த ஐந்திலும் ஆட வேண்டும்.

யோசனை பாலகுமாருடையது. மூன்று பேரும் சிதம்பரம் மாரியப்பா நகரில் சத்யப்பிரியாவின் அம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, மேடையில உன் மூஞ்சிய யாரு பாக்கறா? சால்வயத்தான பாக்கறாங்க. நான் போயி உக்காந்துக்கறேன். நீ என் ஜெர்சி போட்டுக்கினு ஆடு."

"உன் பேர்லதான ஏறும்."

"ஏறட்டும். செல்லுல வீடியோ எடுத்து வெச்சிக்கலாம். அஞ்சு மேட்ச் முடிஞ்சதும் நானே ஆபீஸ்ல வந்து சொல்றேன். ஆடுனவன் நீதான்னு ஆனப்புறம் இல்லன்னு சொல்லிடுவாங்களா?"

"சொல்லுவாங்க," என்றாள் சத்யப்பிரியா.

வேறு வழி இல்லை. ஆறாவது ஆட்டத்தில் பாலகுமார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தலைவரின் வலப்புறம் உட்கார்ந்தான். மூன்றாவது சால்வைக்குப் பிறகு மோவாய் மறைந்துவிட்டது. மைக் கொடுத்தபோது வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினான். அருள்மொழி அதை ஏழு நிமிடம் மொழிபெயர்த்தார்.

இளவரசு மூன்றாம் எண் ஜெர்சியில் ஆடினான்.

கோசோவில் ஒன்பது வருடம் ஆடிய ஆட்டம்தான். எதிர் அணியின் ரைட் விங்கை உள்ளே திரும்ப விடாமல் கோட்டோரமாகவே ஓட விட்டான். கோட்டுக்கு இரண்டடி இருக்கும்போது காலை நீட்டிப் பந்தை மட்டும் எடுத்தான். எடுத்ததை உயரே அடிக்காமல் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்தான். இந்த லீக்கில் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுக்கும் பழக்கம் இல்லை. வாங்கியவன் ஒரு நொடி திகைத்தான், பிறகு புரிந்துகொண்டான். தில்லை யூத்ஸ் ஜெயித்தது. ஏழாவதிலும் ஜெயித்தது. எட்டாவது ஆட்டம் குமராட்சியிலேயே நடந்தது. அவன் பந்தைத் தொட்ட இரண்டாவது நிமிடத்தில் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கண்ணாயிரம் கோட்டோரம் நின்று, "அடிடா பாலகுமாரு," என்று பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே கத்தினார். சம்மேளனத்துக்கு மட்டும் தெரியவில்லை. சம்மேளனம் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி விருந்தினரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பத்தாவது ஆட்டத்துக்கு சத்யப்பிரியா மகளைக் கூட்டிவந்தாள். குழந்தை அவனைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா," என்று கூப்பிட்டாள்.

சத்யப்பிரியா அவள் வாயைப் பொத்தினாள். "இங்க மாமான்னு கூப்புடணும்."

"ஏன்?"

"இன்னிக்கி மட்டும்."

குழந்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மாமா," என்று கூப்பிட்டாள். இளவரசு திரும்பவில்லை. பந்து அவன் பக்கம் வந்துகொண்டிருந்தது.

ஐந்து ஆட்டம் ஆடி முடித்தாயிற்று.

சொன்னபடியே பாலகுமார் அலுவலகத்துக்கு வந்தான். விஷயத்தை அவனே சொன்னான். உடனே விசாரணைக் குழு அமைத்தார்கள். எல்லோரும் அங்கேயே இருந்ததால் அங்கேயே விசாரித்தார்கள்.

செல்போனில் வீடியோவைப் போட்டுக் காட்டினான்.

"இதுல ஆடுறது யாரு?" என்றார் செயலாளர்.

"நான் சார்," என்றான் இளவரசு.

"முதுகுல என்ன பேரு எழுதியிருக்கு?"

"பாலகுமார்."

"அப்ப பாலகுமார்."

"மூஞ்சியப் பாருங்க சார்."

"பதிவேட்டுல மூஞ்சிக்கு எடம் இல்ல சார்."

தலைவர் சுப்பராயலு தொண்டையைச் செருமினார். "அஞ்சு மேட்ச் என் பக்கத்துல உக்காந்திருந்தவரு வெளிநாட்டுக்காரருதான். நான் பேசியிருக்கேனே. நெல்லு வெல பத்தி ஒரு மணி நேரம் சொன்னேன். மறுத்து ஒரு வார்த்த பேசல, தலையத் தலைய ஆட்டுனாரு. உள்ளூர்க்காரனுக்கு அவ்ளோ பொறும கெடையாது."

"அது நான்தாங்க," என்றான் பாலகுமார்.

"நீ சும்மா இருப்பா. பெரியவங்க பேசிக்கினு இருக்கம்ல."

சூர்யநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரல் தணிந்திருந்தது. "சார், உங்களுக்கே தெரியும். இந்த அஞ்சு மேட்ச்ல நாப்பத்தெட்டு சால்வ போட்டிருக்கோம். போட்டவங்க எல்லாம் ஊர்ப் பெரிய மனுஷங்க. ஒரு லோக்கல் பையனுக்குப் போட்டோம்னு தெரிஞ்சா அவுங்க கவுரவம் என்னாவறது? நீங்க ஆடுனீங்களா ஆடலையாங்கறது ஒருத்தரோட விஷயம். இது நாப்பத்தெட்டு பேரோட விஷயம்."

தீர்மானம் எழுதினார்கள். மேடையில் அமர்ந்திருந்தவர் வெளிநாட்டு வீரரே என்றும், ஆடியவர் ஜெர்சியில் உள்ளவரே என்றும், இருவரும் தத்தம் இடத்தில் சிறப்பாகச் செயல்பட்டனர் என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இரண்டு பேருக்கும் புது லெட்டர்ஹெட்டில் ஒவ்வொரு சான்றிதழ் கொடுத்தார்கள். இளவரசின் சான்றிதழில், பத்து ஆட்டங்களிலும் மேடையை அலங்கரித்தார், என்று இருந்தது. பாலகுமாரின் சான்றிதழில், பத்து ஆட்டங்கள் ஆடினார், கடைசி ஐந்தில் வியத்தகு முன்னேற்றம், என்று இருந்தது.

இளவரசு தன்னுடையதைக் கனகாம்பாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"எனக்குத் தெரியாமப் போச்சுங்க. இவ்ளோ பெரிய மனுஷர்கிட்ட விசிலக் குடுத்து பசங்க பின்னாடி ஓடச் சொல்லியிருப்பேனே. ஸ்போர்ட்ஸ் டேக்கு நீங்கதான் சீஃப் கெஸ்ட்."

"எனக்கு வேலதான் வேணும்ங்க."

"நீங்க வேல செஞ்சா எங்களுக்கு நல்லாருக்குமா?" அவர் இன்னொரு தாளை எடுத்தார். சம்மேளனம் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பியிருந்த பட்டியல். "இந்தப் பாலகுமாருன்னு ஒரு பையன். கடைசி அஞ்சு மேட்ச் பிரமாதமா ஆடியிருக்கானாம். உங்க டீம்தான. ஆளு எப்பிடி?"

இளவரசு பட்டியலைத் திருப்பி அந்தப் பெயரைப் பார்த்தான். அது நான்தான் என்று சொன்னால் இந்த அம்மாள் பாலகுமாரையும் விட்டுவிட்டு வேறு பெயரைத் தேடுவார். அவன் சம்மேளனத்தை நான்கு மாதம் பார்த்துவிட்டான்.

"நல்ல பையன்ங்க," என்றான். "லெஃப்ட் பேக்."

பாலகுமார் இரண்டு நாள் அவன் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் வந்து வாசலில் நின்றான்.

"மாமா, நான் கேக்கல மாமா. அவுங்களா கூப்ட்டு ஆர்டரக் குடுத்தாங்க. வேணாம்னுடட்டுமா?"

"போயி சேரு. பந்த பக்கத்துல நிக்கறவனுக்குக் குடுன்னு சொல்லிக்குடு. அது போதும்."

உள்ளே மாமியார் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. எப்படியோ வேலை வீட்டுக்குள்ளேயே வந்தது, வெளியே போகவில்லை. சத்யப்பிரியா இளவரசின் சூட்கேஸை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மே இருபத்தொன்பதாம் தேதி மதியம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சென்னைக்கு பஸ். அங்கிருந்து மால்டாவுக்கு விமானம். வெளிநாட்டு வீரர் தாயகம் திரும்பும்போது வழியனுப்பு விழா நடத்த விதியில் இடம் இருந்தது. மேடை போட அனுமதி கிடைக்கவில்லை. நாற்காலிகளை மட்டும் வேனில் கொண்டுவந்து பஸ்ஸுக்கு முன்னால் போட்டார்கள். மைக்கும் வந்தது. பஸ் நகர முடியவில்லை. பயணிகள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

தலைவர் பேசினார். "இவரு இங்க நாலு மாசம் நம்மளோட ஒருத்தரா இருந்தாரு. ஆனாலும் அவருக்குன்னு ஒரு வீடு, சொந்த பந்தம், பொண்டாட்டி புள்ள அங்க இருக்கும்ல. அதுங்க ஏங்கிப் போயிருக்கும். நாம புடிச்சி வெக்கக் கூடாது. அனுப்பிடணும்."

சத்யப்பிரியா நாற்காலிகளுக்குப் பக்கத்தில், மகளைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். செயலாளர் அவளைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"இவரோட வொய்ஃபுங்க."

"இங்கயேவா இருக்கீங்க?"

"மாரியப்பா நகர்."

செயலாளர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் முகம் மலர்ந்தது. "நம்மூர்ப் பொண்ணையே கட்டியிருக்காரு பாருங்க," என்று மைக்கில் சொன்னார். "நம்ம பண்பாட்டு மேல அவ்ளோ மரியாத." அவளுக்கும் ஒரு சால்வை போட்டார்கள்.

குழந்தை அம்மாவின் கையை உதறிவிட்டு வந்தாள். இளவரசின் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டாள். மைக் அவள் தலைக்கு மேலே இருந்தது.

"அப்பா, போவாத."

மைக் அதை எடுத்துக்கொண்டது. கடைசி பிளாட்பாரம் வரை கேட்டது.

அருள்மொழி மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். ஒரு கணம் குழந்தையைப் பார்த்தார். பிறகு, "தந்தையே, வென்று வருக என வாழ்த்துகிறது மழலை," என்றார்.

கூட்டம் கை தட்டியது.

"சார்," என்றாள் சத்யப்பிரியா. "அவ தமிழ்லதான சொன்னா."

"தெரியும்மா," என்றார் அருள்மொழி மெதுவாக. "அத அப்பிடியே சொல்ல இது எடமில்ல."

டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர் வாட்சைக் காட்டினார். செயலாளர் கையை உயர்த்தி அவர்களை அமர்த்தினார். நன்றியுரை பாக்கி இருந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்துப் பிரித்தார். ஆறு பக்கம்.

இளவரசு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இறக்கிவிடும்படி யாரும் சொல்லவில்லை. சூர்யநாராயணன் ஒவ்வொரு நிர்வாகியின் பெயரையும், பதவியையும், தகப்பனார் பெயரையும் சொல்லி நன்றி கூறினார். நாற்காலி ஏற்றிவந்த வேனுக்கு நன்றி கூறினார். பஸ்ஸில் காத்திருந்தவர்களுக்கு நன்றி கூறினார்.

நான்காவது பக்கத்தில் அவருக்கு வரி தவறியது. எங்கே விட்டோம் என்று தேடினார்.

"மொதல்லேர்ந்து படிங்க சார்," என்றான் இளவரசு.